போர் அமைச்சரின் வாக்கியம்

உட்காருங்கள், கேப்டன் ரஷேவ். அந்த நாற்காலி வேண்டாம். அது அப்பாவுடையது என்பதற்காகச் சொல்லவில்லை. அதன் பின்கால் ஆடுகிறது. ஜெனரல் வெலிசார் திராக்னெவின் மகள் அவர் தொட்ட பொருள்களையெல்லாம் கோயிலாக்கி வைத்திருப்பாள் என்று எண்ணி தலைநகர் சோஃபியா வரை ரயிலேறி வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். தாழ்வாரத்தில் ஒரு வாளுறை நிற்கிறதே, பார்த்தீர்களா? வாளை வாங்கிக்கொண்டு போனவர்கள் உறையைக் கேட்க மறந்துவிட்டார்கள். என்னுடைய ஒல்லியான குடை அதற்குள் கச்சிதமாக நுழைகிறது.

காப்பி கொஞ்சம் தெளியட்டும். அவசரப்பட்டால் வாயெல்லாம் தூள்.

உங்கள் குழுவின் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். அப்பா பிறந்த கோர்னோ பெலெவோவில், சந்தைச் சதுக்கத்தில், அவருக்கு வெண்கலத்தில் மார்பளவுச் சிலை. அதன் கீழே கல்லில் அவர் பெயர், பதவி, அவர் சொன்ன அந்தப் புகழ்பெற்ற வாக்கியம். வாக்கியத்தைப் பொறிக்க ஒரே வாரிசான என் சம்மதக் கையெழுத்து வேண்டும். கல்தச்சர் உளியோடு காத்திருக்கிறார். எல்லாம் புரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாக்கியத்தைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். "அறுவடைக்கு வீடு திரும்புவீர்கள், வீரர்களே!" என்று போட்டிருக்கிறீர்கள். அது ஏதோ குடிகாரன் மேசைமேல் ஏறி நின்று கத்துவதுபோல் இருக்கிறது. மூல வாக்கியம் வீரர்களைப் பார்த்துச் சொன்னதே இல்லை. தாய்மார்களுக்கு எழுதியது. "அறுவடைக்கு உங்கள் மகன் வீட்டில் இருப்பான்; முதல் கதிர்க்கட்டை அவன் கையே கட்டும்." நடுவில் அரைப்புள்ளி. ஆச்சரியக்குறி கிடையாது. அந்த அரைப்புள்ளியில்தான் வாக்கியத்தின் மூச்சே இருக்கிறது.

என்ன? இல்லை, திருத்திக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன். ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சொல்கிறேன். நீங்கள் குறுக்கே பேசக்கூடாது. பேச வாய் திறக்கிறீர்கள், பார்த்தேன். உங்கள் முறை வரும்.

அப்பாவின் வாழ்க்கையை உங்கள் குழு நான்கு வரியில் எழுதி அனுப்பியிருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. கம்பளித்துணி தைப்பவரின் மகன். இருபது வயதில் துருக்கியருக்கு எதிரான போரில் தொண்டராகச் சேர்ந்தார். நாடு விடுதலையானதும் ராணுவப் பள்ளியின் முதல் மாணவர்களில் ஒருவர். செர்பியர்களோடு நடந்த போரில் கேப்டன். பிறகு பீட்டர்ஸ்பர்க்கில் உயர்கல்வி, திரும்பிவந்து ரெஜிமென்ட், டிவிஷன், ஜெனரல் பதவி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் போர் அமைச்சர். ஏணியில் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்காதவர். குதிக்கத் தெரியாது அவருக்கு.

வேறென்ன தெரியும் என்றால், பூட்ஸ் தெரியும். சிரிக்காதீர்கள். பாசறைக்குள் நுழைந்தால் கொடியைப் பார்க்கமாட்டார், கீழே குனிந்து கால்களைப் பார்ப்பார். சமையல்கூடத்துக்குப் போனால் அண்டாவின் அடிவரைக்கும் கிண்டச் சொல்லி, அடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் குடிப்பார். மேலாக மிதக்கும் கொழுப்பு அமைச்சருக்கு, அடியில் கிடக்கும் தண்ணீர் சிப்பாய்க்கு என்று அவருக்குத் தெரியும். ஒருமுறை ஒரு கர்னலை அந்த அண்டாச் சூப்பை முழுக்கோப்பை குடிக்க வைத்தார். கர்னல் குடித்தார். மறுவாரம் சூப்பில் இறைச்சி வந்துவிட்டது.

அவருக்குத் தெரியாதது எழுத்து. ஒரு டிவிஷனை மலைக்கணவாய் வழியாகப் பனியில் நகர்த்துவார்; ஒரு வாக்கியத்தை எழுவாயிலிருந்து பயனிலைக்கு நகர்த்த முடியாது. அவருடைய அறிக்கைகளைப் பார்த்திருக்கிறேன். "ரொட்டி உண்டு. உப்பு இல்லை. குதிரை நொண்டி. திராக்னெவ்." அவ்வளவுதான். நானோ பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். பெண்களை அங்கே சேர்க்க ஆரம்பித்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. வகுப்பில் என் கட்டுரைகளைப் பேராசிரியர் உரக்கப் படித்துக்காட்டுவார். அப்பாவின் எழுத்தைப் பார்த்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். அதனால் அவர் அமைச்சரானதும் அவர் எழுதவேண்டியதை எல்லாம் நான் எழுத ஆரம்பித்தேன். வாழ்த்துச் செய்தி, இரங்கல் செய்தி, பாராளுமன்ற உரை. அவர் படிக்காமல் கையெழுத்துப் போடுவார். "ராய்னா எழுதினால் நன்றாகத்தான் இருக்கும்" என்பார்.

இதை உங்கள் நான்கு வரியில் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் போர் தொடங்கியது. நாமும் செர்பியர்களும் கிரேக்கர்களும் ஒன்றாகச் சேர்ந்து துருக்கியரை அடித்தோம். வென்றோம். துருக்கியரின் சட்டால்ஜா அரண்வரிசைக்கு எதிரில் வாந்திபேதி நம் ஆட்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போனது. இருந்தாலும் வென்றோம். அடுத்த வசந்தத்தில் சமாதானம் ஆனது. ஆனால் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஏன்? கூட்டாளிகளோடு பங்குச் சண்டை. நேற்றுவரை தோளோடு தோள் நின்றவர்களுக்கு எதிரே பதுங்குகுழி வெட்டச் சொன்னார்கள். எட்டு மாதமாக ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டிருந்த விவசாயிகள், கேப்டன்! கோதுமை பழுத்துக்கொண்டிருக்கிறது, அறுக்க ஆள் இல்லை. நம் பக்கத்தில் பெண்கள் அறுப்பார்கள், ஆண்கள் பின்னால் வந்து கட்டுவார்கள். கட்ட ஆள் இல்லாத வயலில் அறுத்துப்போட்டு என்ன செய்வது?

மே மாதத்தில் எங்கள் வாசலில் பெண்கள் கூடத் தொடங்கினார்கள். அமைச்சகத்தில் காவலாளி விரட்டுவான். அதனால் வீட்டுக்கு வந்தார்கள். வெளிவாசலில், கல்மேல், மூட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். வர முடியாதவர்கள் பாதிரியாரைப் பிடித்தோ ஊர் ஆசிரியரைப் பிடித்தோ கடிதம் எழுதினார்கள். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி. "என் மகன் எப்போது வருவான்?"

அப்பாவிடம் கேட்டேன், என்ன பதில் எழுதுவது என்று. பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்.

"தெரியாது என்று எழுது."

"அப்படி எழுத முடியாது, அப்பா. தாய்மார்களுக்கு எழுதுகிறோம்."

"தெரியாது என்பதும் பதில்தான், ராய்னா. அதைக் கேட்டு அழுதுவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்."

"தெரியாது" என்பது பதில்தானாம்! எனக்கு எப்படி இருந்திருக்கும்? போர் அமைச்சரின் முத்திரைத் தாளில் ஒற்றைச் சொல். ஐந்நூறு ஆண்டு அடிமைப்பட்டுக் கிடந்து எழுந்த மக்களுக்கு ஒற்றைச் சொல். மேசைமுன் உட்கார்ந்தேன். அந்த வாக்கியம் வந்தது. தேடி வரவில்லை, தானாக வந்தது. "அறுவடைக்கு உங்கள் மகன் வீட்டில் இருப்பான்; முதல் கதிர்க்கட்டை அவன் கையே கட்டும்." எழுதி முடித்ததும் எழுந்து அறைக்குள் இரண்டு முறை நடந்தேன். நல்ல வாக்கியம் எழுதியவர்களுக்கு அந்த நடை தெரியும். இருபத்து மூன்று வயது எனக்கு. போர்முனை எந்தத் திசையில் என்று வரைபடத்தில் மட்டும் காட்டத் தெரியும்.

அதையே இருநூறுக்கு மேல் எழுதினேன். பெயரை மட்டும் மாற்றி. அப்பா கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் தொடக்கத்தில் ஒரு செய்தித்தாள் அந்தக் கடிதம் ஒன்றை அப்படியே முதல் பக்கத்தில் போட்டது. காலை உணவுமேசையில் அப்பா அதைப் படித்தார். மெதுவாகப் படிப்பார், உதடு அசையும். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை நான் எழுதினேனா?"

"கையெழுத்துப் போட்டீர்கள்."

"எத்தனை பேருக்கு?"

சொன்னேன்.

நான் திட்டுக்காகக் காத்திருந்தேன். அல்லது பாராட்டுக்காக. உண்மையைச் சொல்வதென்றால் பாராட்டுக்காக. அவர் ரொட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தார். அப்பா சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. எங்கள் வேலையாள் கென்சோவைக் கூப்பிட்டார். இவர் அப்பாவோடு பழைய ரெஜிமென்டிலிருந்தே இருப்பவர். ஒரு காது கேட்காது. அதனால் இருவரும் கத்திக் கத்திப் பேசிக்கொள்வார்கள்.

"கென்சோ! வண்டியைப் பூட்டு!"

"எங்கே, ஜெனரல் ஐயா?"

"பொய் சொல்லிவிட்டேன்! அதை உண்மையாக்கப் போகிறேன்!"

தெருவே கேட்டிருக்கும்.

பத்து நாள் அலைந்தார், கேப்டன். அமைச்சரவை, தலைமைத் தளபதி, அரண்மனை. அறுவடைக்கு விடுப்புக் கொடுங்கள், பாதிப்பேரையாவது அனுப்புங்கள், பிறகு திரும்ப அழைத்துக்கொள்ளலாம். "வாக்குக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லியிருக்கிறார். என் வாக்கியத்தை அவர் அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. உத்தரவாக எடுத்துக்கொண்டு நிறைவேற்றக் கிளம்பிவிட்டார். ஒருவர் சிரித்தாராம். "அருமையான கடிதம், ஜெனரல்! அது ஒன்றே ஒரு டிவிஷனுக்குச் சமம். வீட்டுக்கு ஓடத் தயாராக இருந்தவர்கள் எல்லாம், அமைச்சரே அறுவடைக்கு அனுப்புவார் என்று உட்கார்ந்துவிட்டார்கள். இன்னும் எழுதுங்கள்" என்றாராம்.

இதை அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். என்னிடம் சொல்லவில்லை, கென்சோவிடம் கத்தினார். நான் மாடிப்படியில் நின்று கேட்டேன்.

அன்றைக்கே அவர் பதவி விலகியிருக்க வேண்டும். விலகவில்லை. அது அவருடைய குற்றம். அதை நான் மூடி மறைக்கப்போவதில்லை. "நான் போனால் அடுத்தவன் பூட்ஸை எண்ணமாட்டான்" என்றார். நாற்காலியை விட முடியாத ஆண்கள் எல்லோருக்கும் இப்படி ஒரு பூட்ஸ் இருக்கும். மாத இறுதியில் நம் படை நம் கூட்டாளிகள்மேலேயே பாய்ந்தது. அந்த உத்தரவில் அப்பாவின் கையெழுத்து இல்லை. ஆனால் அதற்கு ரொட்டியும் தோட்டாவும் அனுப்பிய தாளில் இருந்தது. ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. வென்றதெல்லாம் போயிற்று. செர்பியர்கள், கிரேக்கர்கள், ருமேனியர்கள், தோற்ற துருக்கியர்கள்கூடத் திரும்பி வந்தார்கள். கோதுமை நின்ற இடத்திலேயே உதிர்ந்தது.

இங்கேதான் நான் சொல்லவேண்டியது வருகிறது. இதுவரை சொன்னது பாடப்புத்தகம்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருவர் இறந்தால் கறுப்புக் கரை போட்ட தாளில் பெயரும் வயதும் எழுதி அந்த வீட்டு வெளிவாசலில் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஆண்டு நிறைவு, எல்லாவற்றுக்கும் ஒட்டுவோம். எப்போதும் அவரவர் வாசலில்தான். அடுத்தவர் வாசலில் ஒட்டினால் என்ன பொருள்? இந்தச் சாவு உன் வீட்டுச் சாவு என்று பொருள். ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் காலை கென்சோ என்னைக் கூப்பிட்டார். எங்கள் வெளிவாசல் முழுக்கக் கறுப்புக் கரை. அச்சடித்தது, கையால் எழுதியது, சுவரில் ஒட்டிய மாவுப்பசை காயக்கூட இல்லை. இருபது வயது, இருபத்திரண்டு வயது, பத்தொன்பது வயது.

"அம்மணி, இதை ஜெனரல் ஐயா பார்த்தா தாங்கமாட்டார்" என்றார் கென்சோ.

"பார்க்கமாட்டார். வெந்நீர் கொண்டுவாருங்கள்."

சமையலறைக் கத்தியால் சுரண்டினோம். தினமும் காலையில், அப்பா எழுவதற்கு முன்னால். மறுநாள் மறுபடியும் இருக்கும். மூன்று வாரம் இப்படி. அப்பாவுக்காகச் செய்தேன். அவர் மனம் உடைந்துபோகக்கூடாது என்பதற்காகச் செய்தேன். அப்படித்தான் இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். நன்றாகத்தானே இருக்கிறது?

ஒருநாள் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. போனால் ஒரு பெண் அப்போதுதான் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். நல்ல உயரம். கையில் மாவுக்கிண்ணி. அவள் ஒட்டியது அறிவிப்பு இல்லை. கடிதம். அமைச்சகத்தின் முத்திரைத் தாள், நான் என் கையால் எழுதியது. அதைச் சுற்றிக் கரித்துண்டால் நான்கு பக்கமும் கறுப்புக் கரை போட்டிருந்தாள். கோடு கோணல்மாணலாக இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"சொரண்டுறது நீதானா?"

நான் கத்தியைத் தாழ்த்தினேன்.

"நான் ஒண்ணும் திட்ட வரல, பொண்ணே. இத எழுதுனவங்களப் பாத்து ஒரு வார்த்த கேக்கணும். எங்க ஊரு பாதிரியார் சொல்றாரு, இது பொம்பள எழுத்து மாதிரி இருக்குன்னு. நீயா எழுதுன?"

கேப்டன், என் வலது கை நடுவிரலில் மைக்கறை இருந்தது. அதைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டேன். அதை மறைத்தது எனக்கு நினைவிருக்கிறது.

"அமைச்சர் எழுதினார்," என்றேன். "அமைச்சரின் எழுத்து அழகாக இருக்கும்."

"அப்ப அவரக் கூப்புடு."

"வீட்டில் இல்லை."

வீட்டில்தான் இருந்தார்.

அவள் கிண்ணியை இடுப்புத் துணிக்குள் வைத்துக் கட்டினாள். "வந்தா கேட்டு வையி. கட்டு யாரு கட்டுறதுன்னு கேட்டு வையி" என்று சொல்லிவிட்டுப் போனாள். நடந்தே வந்திருக்க வேண்டும். செருப்பு வெள்ளைவெளேரென்று புழுதி. அந்தத் தாளை நான் சுரண்டவில்லை. வெந்நீரில் நனைத்து, ஓரம் கிழியாமல் உரித்தெடுத்தேன். அகராதிக்குள் வைத்து அதன்மேல் இன்னும் இரண்டு அகராதி வைத்தேன். மற்றவற்றை அப்பா பார்க்கக்கூடாது என்று சுரண்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை யார் பார்க்கக்கூடாது என்று எடுத்தேன்? நீங்களே சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

அடுத்த ஆண்டு விசாரணை. தோற்றுப்போன நாட்டுக்கு யாரையாவது கூண்டில் நிறுத்தவேண்டுமல்லவா, நிறுத்தினார்கள். அப்பாமேல் பல குற்றச்சாட்டுகள். ரொட்டி, தோட்டா, பதவி விலகாதது. எல்லாவற்றுக்கும் அவருடைய பாணியிலேயே பதில் சொன்னார். "ஆம். இல்லை. ஆம்." கடைசியில் அரசு வழக்கறிஞர் ஒரு கடிதத்தை எடுத்தார். உரக்கப் படித்தார். நல்ல குரல் அவருக்கு. அரைப்புள்ளியில் சரியாக நிறுத்தினார். மண்டபத்தில் ஒரு பெண் விம்மினாள். வேறு யாரோ வாயைக் கோணிக் கேலியாகச் சத்தமெழுப்பினார்கள்.

"இந்தக் கடிதங்கள் படைகளைக் கலையவிடாமல் கட்டிவைத்தன. கட்டிவைத்து, புதிய போருக்குள் தள்ளின. இதை எழுதியது யார், ஜெனரல்?"

நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீலத்தொப்பி. அப்பா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள் என்று தெரியும் அவருக்கு.

"நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது."

"முப்பத்தைந்து ஆண்டு ஊழியத்தில் தாங்கள் எழுதிய அறிக்கைகள் எல்லாம் இங்கே இருக்கின்றன. 'குதிரை நொண்டி' என்பதைத் தாண்டி ஒன்றும் காணோம். திடீரென்று இந்தக் கவிதை எங்கிருந்து வந்தது?"

சிரிப்பு. நீதிபதிகளும் சிரித்தார்கள்.

"போர் மனிதனை மாற்றிவிடும், ஐயா," என்றார் அப்பா.

நான் எழுந்திருக்கவில்லை. காரணங்கள் இருந்தன. பார்வையாளர் வரிசையிலிருந்து பேச அனுமதி கிடையாது. அப்பா விரும்பியிருக்கமாட்டார். பெண் ஒருத்தி அமைச்சகத்தை நடத்தினாள் என்று நாளைக்கு எழுதுவார்கள், அது பெண்கள் எல்லோருக்கும் கேடு. எல்லாமே உண்மையான காரணங்கள். அவற்றோடு இன்னொன்றும் இருந்தது. பெண்கள் உயர்நிலைப்பள்ளியில் என் நியமன உத்தரவு அந்த வாரம் வரவேண்டியிருந்தது. வந்தது. கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கற்றுக்கொடுக்கிறேன். என் மாணவிகள் நன்றாக எழுதுவார்கள்.

அப்பாவிடமிருந்து பதவியையும் வாளையும் சீருடை அணியும் உரிமையையும் பறித்தார்கள். தீர்ப்பில் பத்திபத்தியாக எழுதியிருந்தார்கள். மிக நீளமான பத்தி அந்தக் கடிதங்களைப் பற்றியது. "மக்களை ஏமாற்றியவர்" என்ற சொல் அந்தப் பத்தியில்தான் இருக்கிறது, மற்ற எதிலும் இல்லை. பிறகு பதினோரு ஆண்டு இருந்தார். கீழே தோட்டத்தில் அவரைக்கொடி நட்டுக்கொண்டு, கென்சோவோடு கத்திக்கொண்டு. ஒரே ஒருமுறை, மதியச் சாப்பாட்டில், ஆரம்பித்துப் பார்த்தேன். "அப்பா, அன்றைக்கு நீதிமன்றத்தில்" என்றேன்.

"சூப் ஆறுகிறது, ராய்னா" என்றார்.

அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்கலாம். நிம்மதியாகக் கரண்டியை எடுத்தேன். இறந்தபோது சாதாரணக் கறுப்புக் கோட்டில்தான் புதைத்தோம்.

இப்போது நீங்கள் வந்திருக்கிறீர்கள். காலம் மாறிவிட்டது. அன்றைக்கு ஏமாற்று என்று தீர்ப்பெழுதிய வாக்கியம் இன்றைக்கு தேசத்தின் நெஞ்சைத் தொடுகிறதாம். அதைக் கல்லில் வெட்டப்போகிறீர்கள். அந்த வாக்கியம் இல்லாமல் வெறும் பெயரும் ஆண்டும் போதாதா என்று எழுதிக் கேட்டேன். போதாது என்று பதில் எழுதினீர்கள். வாக்கியத்துக்காகத்தான் சிலை, அது இல்லாவிட்டால் அவர் தோற்ற போரின் அமைச்சர் மட்டுமே, குழு கலைந்துவிடும் என்றீர்கள். நியாயம். ஆக, நான் கையெழுத்துப் போடாவிட்டால் அப்பாவுக்குச் சிலை இல்லை. எனக்காக ஒருமுறை எல்லாவற்றையும் இழந்தவர் எனக்காக மறுபடியும் இழக்கவேண்டும். பத்து நாளாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் கையெழுத்துப் போட்டால்? நீதிமன்றத்தில் ஒருமுறை சொன்ன பொய்யை அவர் சந்தைச் சதுக்கத்தில் நின்று நூறு ஆண்டு சொல்லிக்கொண்டிருக்க வேண்டும், மழையிலும் பனியிலும். நானும் மூன்றாவது வரிசையில் தொப்பியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முடியாது. படிவத்தை எடுத்துக்கொண்டு போய், எழுதியது நான்தான் என்று உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். செய்தித்தாளில் வேண்டுமானாலும் போடுங்கள்.

அவ்வளவுதான். இப்போது பேசுங்கள். வந்ததிலிருந்து நாலைந்து முறை வாய் திறந்தீர்கள், நான் விடவில்லை.

என்ன சொன்னீர்கள்?

உங்கள் அண்ணன்.

லாசர் ரஷேவ். எந்த ரெஜிமென்ட்? ...எத்தனை வயது?

உங்களுக்கு அப்போது எட்டு வயது. சரி. திரும்பி வரவில்லை. அதுவும் சரி, புரிகிறது. கடிதம் வந்தது. வந்ததா? உங்கள் வீட்டுக்கு?

இருக்கிறதா இன்னும்!

திருவுருவப் படத்துக்குப் பக்கத்தில். கண்ணாடிச் சட்டம் போட்டு. முப்பது நாடு வென்றவனுக்கும் இப்படி எழுதமாட்டார்கள், அமைச்சரே என் லாசருக்காக உட்கார்ந்து தன் கையால் எழுதினார் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாரா, உங்கள் அம்மா? சிலைக்கு வெண்கலம் சேர்த்தபோது தன் கல்யாணச் சீரான செப்பு அண்டாவை முதல் ஆளாகத் தூக்கிக்கொண்டு வந்து போட்டாரா?

கொஞ்சம் பொறுங்கள். பேசாதீர்கள்.

லாசர் ரஷேவ். லாசர் ரஷேவ். நினைவில்லை, கேப்டன். நினைவிருப்பதுபோல் நடிக்கக்கூட எனக்கு வரவில்லை. இருநூறு பேருக்கு எழுதினேன். ஒரு பெயர்கூட நினைவில்லை. வாக்கியம் மட்டும் நினைவிருக்கிறது, அரைப்புள்ளியோடு.

இதைத் தெரிந்துகொண்டா ஒரு மணிநேரமாக என் எதிரில் உட்கார்ந்து என் காப்பியைக் குடித்தீர்கள்? இல்லை, உங்களைத் திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. நான் இவ்வளவு நேரமும் என் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற விஷயம் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். சிலை அவருக்கா, குற்றம் எனக்கா என்று. தராசில் மூன்றாவது ஒருவர் இருப்பது எனக்குத் தோன்றவேயில்லை. வாசலில் நின்றுகூடக் கேட்டாளே ஒருத்தி. அப்போதும் தோன்றவில்லை.

சொல்லாதீர்கள் என்கிறீர்கள். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது, அந்தக் கடிதம்தான் அவருக்கு எல்லாம், உண்மை தெரிந்து என்ன ஆகப்போகிறது, கையெழுத்துப் போட்டுவிடுங்கள் அம்மணி என்கிறீர்கள். எவ்வளவு இதமாகச் சொல்கிறீர்கள்! நானும் அன்றைக்கு அந்த மேசைமுன் உட்கார்ந்து இப்படித்தான் நினைத்தேன். தாய்மார்களுக்கு எது இதமாக இருக்கும் என்று தாய்மார்களைக் கேட்காமலே முடிவு செய்தேன். நீங்கள் நல்ல மகன். அதனால் உங்கள் பேச்சைக் கேட்கமாட்டேன்.

கோர்னோ பெலெவோவுக்கு ரயில் எத்தனை மணிக்கு? நான்கு பத்தா? போதும், நேரம் இருக்கிறது. இந்தப் படிவத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் அம்மா எதிரில் உட்கார்ந்து, எழுதியது யார் என்றும் எப்படி எழுதினேன் என்றும் சொல்கிறேன். வெளியே போ என்றால் போகிறேன். கேட்டுவிட்டு, கல்லில் வெட்டட்டும் என்று அவர் சொன்னால் வெட்டட்டும், வேண்டாம் என்றால் வேண்டாம். அண்டாவைத் திருப்பிக் கேட்டாலும் கேட்கட்டும். நானோ உங்கள் குழுவோ முடிவுசெய்ய வேண்டியதில்லை.

பயமாக இருக்கிறது, கேப்டன். நாற்பத்தாறு வயதில். வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்குப் பயந்ததைவிட அதிகமாகப் பயமாக இருக்கிறது.

நில்லுங்கள், கோட்டை மாட்டிக்கொள்கிறேன். ஒன்று கேட்கவேண்டும். அந்தக் கடிதங்களின் தலைப்பில் எல்லாம் "சிப்பாய் இன்னாரின் தாயாருக்கு" என்றுதான் எழுதினேன். இருநூறு தடவையும் அப்படித்தான் எழுதினேன்.

அவர் பெயர் என்ன? உங்கள் அண்ணன் பெயர் இல்லை, கேப்டன். உங்கள் அம்மாவின் பெயர்.